சொல்லக் கூடாதது ஒன்று, சொல்ல வேண்டியது நூறு

எங்கள் சின்னம்மா வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. ரேஷன் கார்டு, கரண்டு அட்டை, மகளிர் குழு நோட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அதில்தான் மாட்டி வைப்பார்கள். சின்னம்மா மகள், எனக்குத் தங்கை, ஐந்தாம் மாசம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் அந்தப் பையில்தான் மூன்று மாசம் தொங்கியது. அந்த மூன்று மாசத்தில் நான் நாலு தடவையாவது அங்கே போயிருப்பேன். ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். "ஸ்கேன்ல என்னா சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறேன். "நல்லா இருக்குதாம்க்கா. போட்டோ எடுத்துக் குடுத்தாங்க" என்பாள். அவ்வளவுதான். எழுந்து அந்தப் பைக்குள் கையை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் பட்டம் படித்தவள். வங்கியில் கிளார்க். கவிதை வேறு எழுதுகிறேன், அதுவும் நம் பெண்களின் உடலைப் பற்றி.

எட்டாம் மாசம் ஒரு விடியற்காலை, வலி எதுவும் இல்லாமல் அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. முந்தின நாள்தான் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டு வந்திருந்தாள். வலி இல்லாததால் சின்னம்மாவும் பயப்படவில்லை. "சூடா இருக்கும்" என்று மோர் கொடுத்திருக்கிறாள். பாய் நனைந்த பிறகுதான் 108க்குப் போன் போட்டார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. நம் தோழர்கள் இரண்டு பேர் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தங்கை பிழைத்தாள். பிள்ளை மூன்றாம் நாள் செத்துப்போனது.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அந்த மஞ்சள் பையைக் கீழே இறக்கினேன். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பிளாசென்டா லோ லையிங், ரீச்சிங் இன்டர்னல் ஆஸ். ரிவியூ ஸ்கேன் அட் 32 வீக்ஸ். அதாவது, நச்சுக்கொடி கர்ப்பப்பையில் மேலே ஒட்டாமல் கீழே இறங்கி வாய்ப்பகுதியைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, 32ஆம் வாரம் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டே வரி. ஆங்கிலத்தில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

ஆக, மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மூன்று மாசத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டது. பார்த்ததை ஒருவர் எழுதியும் வைத்துவிட்டார். யாருடைய வயிற்றைப் பார்த்தார்களோ அவளிடம் மட்டும் சொல்லவில்லை. ஸ்கேன் பற்றி நாம் பேச வேண்டியது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டாக்டர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். ஐந்தாம் மாசத்தில் நச்சுக்கொடி கீழே இருப்பது அபூர்வம் இல்லை, கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே மேலே போய்விடும், பயமுறுத்துவானேன் என்று. உண்மைதான். மேலே போகாத சிலருக்காகத்தானே அந்த 32ஆம் வார ஸ்கேன்? மேலே போகாவிட்டால் பாரம் தூக்கக் கூடாது, புருஷனோடு சேரக் கூடாது, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வலிக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும், ரத்த வங்கி இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா? அந்த இரண்டு நிமிஷம் கிடைத்திருந்தால் அவள் மல்லாட்டைக் கொல்லைக்குப் போயிருக்க மாட்டாள். சின்னம்மா மோர் கலக்கிக்கொண்டிருக்க மாட்டாள்.

என் வேலை சலான் வாங்குவது, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது, கைநாட்டு வாங்குவது. எங்கள் வங்கியில் பணம் எடுக்கிற சீட்டு தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் அச்சாகியிருக்கும். ரிசர்வ் வங்கியின் உத்தரவு அப்படி. ஐந்நூறு ரூபாய் எடுக்கிற சீட்டு, எடுக்கிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஒரு உயிர் இருக்குமா போகுமா என்று சொல்கிற சீட்டு எந்த மொழியில் இருக்கிறது? ஸ்கேன் சென்டரின் வாசலில் தமிழில் ஒரு பலகை கட்டாயம் இருக்கும். 'கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது.' அந்தப் பலகை மக்கள் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டவிதி. சொல்ல மாட்டோம் என்பதைத் தமிழில் சொல்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. தங்கையின் கதையைச் சொன்னபோது ஒரு தோழர் சொன்னார்: "இதுக்குத்தான் சொல்றேன், ஸ்கேனே ஒரு வியாபாரம். நம்ம ஆயாங்க எல்லாம் ஸ்கேன் எடுத்தா பத்துப் பெத்தாங்க?" வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மாசாமாசம் எடுக்கச் சொல்லிக் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 24 வாரத்துக்குள் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரு ஸ்கேன் வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அதற்கு மேல் எடுப்பது தேவையைப் பொறுத்தது. ஆனால் பத்துப் பெற்ற ஆயாக்களின் கணக்கைச் சொல்கிற தோழர், செத்த ஆயாக்களின் கணக்கைச் சொல்வதில்லை. செத்தவர்கள் கதை சொல்ல வரமாட்டார்கள் என்கிற தைரியம்.

எங்கள் ஆயா பிரசவம் பார்த்தவள். ஊர்த்தெருவிலிருந்தும் ராத்திரியில் ஆள் வரும். கொடி அறுக்க அவள் கை வேண்டும். அழுக்குத் துணியை அலசவும் அவள் கை வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு அதே கையால் தண்ணீர் மோந்து குடிக்க முடியாது, திண்ணைக்குக் கீழே நின்று ஏந்திக் குடிக்க வேண்டும். அவள் கைக்கு இருந்த அறிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். வயிற்றைத் தடவித் தலை எங்கே, கால் எங்கே என்று சொல்லிவிடுவாள். ஆனால் நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று எந்தக் கைக்கும் தெரியாது. உள்ளே கை விட்டுப் பார்த்தால் அந்த நேரத்திலேயே ரத்தம் பீறிட்டுத் தாய் செத்துப்போகக்கூடும். அதற்குத்தான் மெஷின். பழம்பெருமை பேசி அந்த மெஷினை வேண்டாம் என்று தள்ளிவிட முடிகிறவர்கள், அவசரம் என்றால் கார் எடுத்துக்கொண்டு நர்சிங் ஹோம் போக முடிகிறவர்கள். நம்மால் முடியாது.

மெஷின் எங்கிருந்து வந்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டிய கதைதான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம், கப்பல் கட்டுகிற தொழிலாளர்களின் ஊர். இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, தொழிற்சாலைகளில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிற ஒரு கருவி இருந்தது. இயான் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1955இல், ஆபரேஷனில் வெட்டியெடுத்த கட்டிகளை எடுத்துக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்கே போய்விட்டார். இரும்பைப் பார்க்கிற கருவி சதையைப் பார்க்குமா என்று சோதிக்க. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சதை வேண்டுமே? தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டுக்கறித் துண்டைக் கொடுத்தார்கள். தோழர்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். இன்றைக்கு எந்தச் சாதிக்காரியின் வயிற்றின் மேலும் உருள்கிற இந்த அறிவு, முதல் பாடம் படித்ததில் மாட்டுக்கறிக்கும் பங்கு உண்டு.

டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் டொனால்டோடு சேர்ந்தார்கள். 1958இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. அவர்கள் பார்த்தவர்களில் ஒரு பெண்மணிக்கு வயிற்றில் புற்றுநோய், ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று மற்ற டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். கருவியை வைத்துப் பார்த்தால் அது புற்றுநோயே இல்லை, சினைப்பையில் நீர் கோத்த பெரிய கட்டி. அறுத்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். சாகப் போகிறாய் என்று தீர்ப்பு எழுதப்பட்டவளைப் பார்த்து 'இல்லை' என்று சொன்னது இந்தக் கருவி. இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

வேலை செய்கிற விதம் ஒன்றும் மந்திரம் இல்லை. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறதல்லவா, அதே கணக்கு. நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் எட்டும். இது நொடிக்குப் பல லட்சம் அதிர்வு. கையில் பிடிக்கிற கட்டையிலிருந்து ஒலி உள்ளே போய், எலும்பு, சதை, நீர் ஒவ்வொன்றிலும் பட்டு ஒவ்வொரு மாதிரி திரும்பி வருகிறது. அதைப் படமாக்குகிறார்கள். எக்ஸ்ரே போல் கதிர்வீச்சு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கட்டைக்கும் தோலுக்கும் இடையில் காற்று இருக்கக் கூடாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். அதற்காகத்தான் அந்தக் குளுகுளு பசையைத் தடவி அழுத்துகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், எட்ட நின்று ஸ்கேன் எடுக்க முடியாது. தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தத் தொடுதலில்தான் நம் நாட்டுப் பிரச்சினை தொடங்குகிறது.

என் மகளைச் சுமந்தபோது நானும் அதே ஸ்கேன் சென்டருக்குத்தான் போனேன். வங்கியிலிருந்து நேராகப் போயிருந்தேன், கழுத்தில் அடையாள அட்டை. முகவரி, டவுனில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு. ஸ்கேன் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "மேடம், இங்க பாருங்க, இதுதான் ஹார்ட் அடிக்குது, இது முதுகெலும்பு, பனிக்குட நீர் நல்லா இருக்கு, நச்சுக்கொடி மேல இருக்கு." எல்லாம் தமிழில். பத்து நிமிஷம். துடைத்துக்கொள்ளத் தாள் கொடுத்துவிட்டு, "மெதுவா எழுந்திரிங்க" என்றார். தங்கைக்கும் அதே அறை, அதே படுக்கை. அவள் சொன்னதைக் கேளுங்கள். "துணிய ஒதுக்குன்னாங்க. பசைய மேலருந்து பிதுக்குனாங்க. கட்டைய வெச்சி நாலு இழுப்பு. திரை அவங்க பக்கம் இருந்துச்சி. போன் பேசிக்கினே பாத்தாங்க. முடிஞ்சிது போன்னாங்க. தொடச்சிக்க ஒண்ணும் குடுக்கல, பொடவையிலயே தொடச்சிக்கினேன்." நான் கொடுத்த அதே 700 ரூபாயைத்தான் அவளும் கொடுத்தாள்.

அவளிடம் யாரும் சாதி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் ஃபார்ம் எஃப் நிரப்ப வேண்டும், அதில் முழு முகவரி எழுத வேண்டும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்திருக்கிறது: "ஊரா, காலனியா?" காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது. நல்லது. கவுண்டரில் கேட்கிறவன் நாக்கிலிருந்து யார் நீக்குவது? டாக்டர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. இவளுக்குச் சொன்னால் புரியாது, இவள் கேட்கவும் மாட்டாள் என்று ஒரு முடிவு அந்தக் கைக்குள்ளேயே இருக்கிறது. திரையைத் திருப்ப அந்தக் கைக்குத் தோன்றுவதில்லை. கட்டை வயிற்றைத் தொட்டது, மனுஷி மனுஷியைத் தொடவில்லை. நம் மூத்தவர்கள் தீண்டாமையைத் தெருவிலும் கிணற்றிலும் டீக்கடையிலும் பார்த்துச் சொன்னார்கள். ஏசி போட்ட இருட்டு அறைக்குள் அது எப்படி இருக்கும் என்று நாம்தான் எழுத வேண்டும்.

இதற்கு இன்னொரு சாக்கு சட்டத்திலிருந்து எடுக்கப்படுகிறது. "எதையும் சொல்லக் கூடாதும்மா, கேஸாயிடும்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். இது பச்சைப் பொய். கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடுக்கிற சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் மட்டும் கிடக்கிறது என்று பெண்கள் இயக்கத்தினர் 2000இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2003இல் சட்டம் திருத்தி இறுக்கப்பட்டது. முதல் தடவை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டம் வேண்டும். ஒரு வரி கூடத் தளர்த்தக் கூடாது. சேலம், தர்மபுரி, உசிலம்பட்டி என்று பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அதனால்தான். கள்ளிப்பால் செய்த வேலையை இருட்டறைப் படம் செய்ய ஆரம்பித்தபோது இந்தச் சட்டம் குறுக்கே நின்றது.

அது மேல்சாதிக்காரன் நோய், நமக்கில்லை என்று மார்தட்டுகிற பழக்கத்தையும் விட வேண்டும். இந்திய அளவில் பட்டியல் சாதியினரில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001 கணக்கெடுப்பில் 938. 2011இல் 933. குறைந்திருக்கிறது. வரதட்சணையை ஆண்டைகளிடம் பார்த்துக் கற்றுக்கொண்டோம், இதையும் கற்றுக்கொண்டிருக்கிறோம். 'ஆம்பளப் புள்ளையா பாத்துச் சொல்ல முடியுமா' என்று ரகசியமாக விசாரிக்கிற நம் தோழர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். வெட்கப்பட்டால் போதும்.

ஆனால் சட்டம் தடுப்பது ஒரே ஒரு சேதியைத்தான். ஆணா, பெண்ணா என்பதை மட்டும். நச்சுக்கொடி எங்கே இருக்கிறது, நீர் போதுமா, பிள்ளை வளர்கிறதா, தலை கீழே திரும்பியிருக்கிறதா, ஒன்றா இரட்டையா, கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா குழாயில் தங்கிவிட்டதா, பிள்ளையாக உருவாகாத முத்துப்பிள்ளைக் கர்ப்பமா, மண்டையோடும் முதுகுத்தண்டும் மூடியிருக்கிறதா, இதயத்தில் கோளாறு தெரிகிறதா என்று சொல்ல வேண்டியது நூறு இருக்கிறது. அதைச் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று ஃபார்ம் எஃப்பில் அவளிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்கள். அதற்கு மட்டும் பேனாவும் மைப்பெட்டியும் தயாராக இருக்கின்றன. நானும் கைநாட்டு வாங்குகிறவள்தான், எனக்குத் தெரியும். எதற்கு வைக்கிறோம் என்று சொல்லாமல் வாங்குகிற கைநாட்டு, பண்ணையார் பத்திரத்தில் வாங்கின கைநாட்டுக்குச் சமம்.

சொல்லாமல் விடுவதில் நேரமும் சேர்ந்து போகிறது. பெரிய ஊனங்களைப் பார்க்கிற டிஃபா ஸ்கேனை 18 முதல் 20 வாரத்தில் எடுக்கச் சொல்வார்கள். பிறந்தால் பிழைக்காது என்கிற அளவுக்குக் கோளாறு தெரிந்தால் என்ன செய்வது என்று அவள் முடிவெடுக்க வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு கலைக்கலாம். அதைத் தாண்டினால் மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும். நாலு வாரம் ரிப்போர்ட் ஆணியில் தொங்கினால் அந்த வழி குறுகிவிடும். பெறுவதோ விடுவதோ அவள் முடிவு. முடிவெடுக்கும் நேரத்தைத் திருடியது யார் என்பதுதான் என் கேள்வி.

அரசு தன் பங்குக்குப் புள்ளிவிவரம் வைத்திருக்கிறது. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு, பிரசவத்தை ஒட்டிச் சாகிற தாய்மார் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர், கேரளத்தில் 19 பேர். தமிழ்நாடு முன்னேறியிருப்பதை நான் மறுக்கவில்லை. கிராமத்து நர்சுகளின் உழைப்பு அது. நம் சேரிப் பெண்கள் பலருக்கு அவர்கள்தான் ஒரே மருத்துவம். ஆனால் அந்த 54இல் நம் தெருக்காரிகள் எத்தனை பேர் என்று அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முன்னதாகவே செத்துப்போகிறார்கள் என்றது. அந்தப் பதினாலு வருஷத்துக்குள் என்னென்ன இருக்கும் என்று யோசித்தால், ஆணியில் தொங்கும் பைகளும் இருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான் நடக்கிறது, வேறு காரணத்தால். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக வங்கிக் கணக்கில் வருகிறது. அந்தப் பணம் வந்ததா என்று பார்க்க வருகிற பெண்களைத்தான் நான் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். பாஸ்புக்கோடு ஸ்கேன் கவரும் கையில் இருக்கும். 'பணத்துக்குக் காட்டணும்னாங்க' என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஸ்கேன் என்பது பணம் வாங்குவதற்கான ஒரு சர்டிபிகேட். தங்கள் உடம்பைப் பற்றிய சேதி அதில் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பிரதமர் பெயரில் 2016இல் தொடங்கிய திட்டப்படி ஒவ்வொரு மாசமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, என்னா பண்றது? மனு கொடுப்போம், கொடுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம், அதில் அடுத்த ஸ்கேன் தேதி, உடனே கிளம்பி வர வேண்டிய அபாய அறிகுறிகள், எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க வேண்டும் என்கிற வரி. அரசு மெஷின் தனியார் மெஷின் இரண்டுக்கும் இதைக் கட்டாயமாக்கு என்று கேட்போம். கேட்டது கிடைக்கிற வரை சும்மா இருக்க முடியாது. அம்பேத்கர் மன்றங்களில் இரவுப்பள்ளி நடத்துகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சில சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பிளாசென்டா என்றால் நச்சுக்கொடி. லோ லையிங், ப்ரீவியா என்று பக்கத்தில் இருந்தால் உஷார். லைக்கர், ஏ.எஃப்.ஐ. என்றால் பனிக்குட நீர், 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு. எஃப்.எச்.ஆர். என்றால் பிள்ளையின் இதயத் துடிப்பு, நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். ப்ரீச் என்றால் தலை மேலே இருக்கிறது. இ.டி.டி. என்றால் பிரசவத் தேதி, ஆரம்ப மாசங்களில் எடுத்த ஸ்கேன் சொல்கிற தேதிதான் நம்பகமானது. ரிவியூ, ஃபாலோ அப் என்று எங்கே கண்டாலும் அதன் கீழே சிவப்பு மையில் கோடு போடுங்கள்.

நீங்கள் டாக்டர் ஆகிவிட வேண்டாம். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவள் கேட்காமல் அவள் பையைத் தொடாதீர்கள், படித்ததைத் தெருவில் பேசாதீர்கள். அவள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவளோடு உட்கார்ந்து தயார் செய்து கொடுங்கள், அது போதும். டாக்டர் பதில் சொல்லவில்லை என்றால் கூடப் போய் நில்லுங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். ஸ்கேன் நார்மல் என்றால் அன்றைக்கு, அந்தப் படத்தில் தெரிந்த வரைக்கும் நார்மல் என்றுதான் அர்த்தம். ரத்தக்கொதிப்பும் ரத்தசோகையும் திரையில் தெரியாது. நம் பெண்களை அதிகம் கொல்கிறவற்றில் அவையும் உண்டு. படம் எடுத்தாச்சே என்று பிரஷர் பார்க்காமல், இரும்புச்சத்து மாத்திரை விழுங்காமல் இருந்துவிடக் கூடாது.

தங்கைக்கு இப்போது மறுபடியும் ஐந்தாம் மாசம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கர்ப்பப்பை, நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பது இந்தத் தடவை இன்னும் முக்கியம். போன வாரம் ஸ்கேனுக்கு நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். உள்ளே என்னை விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது, கொஞ்சம் நடுங்கித்தான் கேட்டது. "டாக்டரம்மா, நச்சுக்கொடி எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குப் போன தடவ கீழ இருந்து புள்ள போயிடுச்சி." உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் திரை திருப்புகிற சத்தம் கேட்டது. "இங்க பாரும்மா" என்று தொடங்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

மேலேதான் இருக்கிறதாம். இருந்தாலும் 32ஆம் வாரம் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா அடுப்புக்கரியை எடுத்து, பால் கணக்கு எழுதுகிற சுவரில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதச் சொன்னாள். எழுதினேன். கவரை இந்தத் தடவை ஆணியில் மாட்டவில்லை.